திருநெல்வேலிச் சீமையில் பழைய ஜெர்மன் டீசல் கார்: பார்த்து வாங்கவும் கெடாமல் வைத்திருக்கவும் முழுமையான வழிகாட்டி

பத்து ஆண்டு ஓடிய ஆடி ஏ4, பி.எம்.டபிள்யூ 320டி, வோக்ஸ்வேகன் ஜெட்டா எல்லாம் இன்றைக்குப் புதுச் சின்னக் கார் விலைக்கே கைக்கு வருகின்றன. விலை இறங்கியது காருக்குத்தான். அதன் இன்ஜெக்டரும் டர்போவும் கியர்பாக்ஸும் இன்னும் பழைய உயரத்திலேயே நிற்கின்றன. வாங்கும் தொகையில் நான்கில் ஒரு பங்கையாவது முதல் வருடச் செலவுக்கென்று தனியாக எடுத்து வைக்க முடியாதவர்கள் ஒரு படி கீழே இறங்கி, நல்ல நிலையில் இருக்கும் போலோவையோ வென்டோவையோ பார்ப்பது நல்லது. பராமரிப்புக் கணக்கு இல்லாத சொகுசுக் காரைவிடக் கணக்கோடு வரும் போலோ எவ்வளவோ மேல்.

முதலில் உங்கள் ஓட்டத்தைப் பாருங்கள்

ஜங்ஷனிலிருந்து பாளையங்கோட்டைக்குப் பிள்ளைகளைப் பள்ளியில் விட, டவுனுக்குக் கடைக்குப் போக, என்று தினமும் ஐந்தாறு கிலோமீட்டர் மட்டும் ஓடுகிற வீட்டுக்கு இந்த வண்டிகள் வேண்டாம். டீசல் இன்ஜின் முழுச் சூட்டுக்கு வரவே ஏழெட்டு கிலோமீட்டர் ஆகும். அதற்குள் நிறுத்திவிட்டால் இ.ஜி.ஆர். வால்வில் (புகையில் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்குள் விடும் வால்வு) கரி படியும், டி.பி.எஃப். (புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) அடைக்கும், ஆயிலில் டீசல் கலக்கும். வாரம் ஒருமுறையாவது நாகர்கோவில், மதுரை, தூத்துக்குடி என்று நாலுவழிச் சாலையில் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்டுபவர்களுக்குத்தான் இவை பொருந்தும்.

எந்த வண்டி, எந்த இன்ஜின்

பேட்ஜைவிட இன்ஜின்தான் முக்கியம். பி.எஸ்.6 மாசு விதி 2020 ஏப்ரலில் வந்தபோது வோக்ஸ்வேகன், ஸ்கோடா, ஆடி மூன்றும் இந்தியாவில் டீசலை நிறுத்திவிட்டன. அதற்குப் பிந்தைய டீசல் வேண்டுமானால் பி.எம்.டபிள்யூ, மெர்சிடிஸ் பக்கம்தான் போக வேண்டும்.

போலோவிலும் வென்டோவிலும் மூன்று டீசல்கள் வந்தன. போலோவில் மட்டும் வந்த 1.2 லிட்டர் மூன்று சிலிண்டர் இன்ஜின் அதிர்வு கூடியது, நெடுஞ்சாலையில் சுமையோடு திணறும். 105 குதிரைத்திறன் உள்ள 1.6 லிட்டர் பலம் நிறைந்தது. 2014-க்குப் பிந்தைய 1.5 லிட்டர், ஸ்கோடா ரேபிட்டிலும் வந்தது. முதன்முதலாக இந்த உலகத்துக்குள் வருகிறவர்களுக்கு 1.5 லிட்டர் மேனுவல் கியர் வண்டிதான் எங்கள் சிபாரிசு. ஊரில் தெரிந்த மெக்கானிக் கை வைக்கக்கூடியது, ஸ்பேரும் தட்டில்லாமல் கிடைக்கும்.

ஜெட்டா, பஸாட், ஆக்டேவியா, சூப்பர்ப் கார்களில் வந்த 2.0 லிட்டர் டி.டி.ஐ. (வோக்ஸ்வேகன், ஸ்கோடா, ஆடி குடும்பத்தின் டர்போ டீசல்) அருமையான இன்ஜின். அதன் பலவீனம் ஹை பிரஷர் பம்ப். 2010-களின் தொடக்க வண்டிகளில் பாஷ் சி.பி.4 வகைப் பம்ப் இருக்கிறது. அதற்கு மசகு தருவதே டீசல்தான். தண்ணீர் கலந்த டீசலோ காலி டேங்க்கோ அதைத் தேய்க்கும். தேய்ந்த இரும்புத் துகள் ரெயில் (இன்ஜெக்டர்களுக்கு டீசலைப் பகிரும் குழாய்), இன்ஜெக்டர், டேங்க் வரைக்கும் போய்விடும். அதன்பின் பம்பை மட்டும் மாற்றிப் பயனில்லை, எரிபொருள் பாதை முழுவதையும் மாற்ற வேண்டிவரும்.

வோக்ஸ்வேகனின் இ.ஏ.189 என்ற குடும்ப டீசல் இன்ஜின்கள் பொருத்திய சுமார் 3.23 லட்சம் கார்களை, மாசுச் சோதனையை ஏமாற்றும் சாஃப்ட்வேர் விவகாரத்தில் 2015 டிசம்பரில் நிறுவனம் இந்தியாவில் திரும்ப அழைத்தது. நீங்கள் பார்க்கும் வண்டியில் அந்த அப்டேட் முடிந்ததா என்று சேசிஸ் நம்பரைக் கொடுத்துக் கேளுங்கள்.

பி.எம்.டபிள்யூ 320டி, 520டி கார்களில் 2014, 2015 வரை வந்தது என்47 இன்ஜின். டைமிங் செயின் இன்ஜினின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. செயின் தளர்ந்தால் கியர்பாக்ஸையோ இன்ஜினையோ இறக்காமல் கை வைக்க முடியாது. பானெட்டைத் திறந்து, டேஷ்போர்டு பக்கம் காதைக் கொடுத்து 1,500 முதல் 2,000 ஆர்.பி.எம். வரை மெதுவாக ஏற்றிப் பாருங்கள். சரசரவென்று உரசும் சத்தம் வந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள், விலை எவ்வளவு குறைந்தாலும் சரி. அதற்குப் பின் வந்த பி47 மேலானது. மெர்சிடிஸ் ஓ.எம்.651-இலும் செயின் பின்பக்கம்தான். அதன் ஆரம்ப ஆண்டுகளின் டெல்ஃபை பீசோ இன்ஜெக்டர்கள் தொந்தரவு தந்தவை, மாற்றியதற்கான பில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

கியர்பாக்ஸ்

டி.எஸ்.ஜி. என்பது இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக். அதில் ஏழு கியர் உலர் கிளட்ச் வகை, அதாவது டி.க்யூ.200, வென்டோ டீசலிலும் ரேபிட்டிலும் உண்டு. அதன் மெகட்ரானிக் யூனிட்டும் (கியரை மாற்றும் மின்னணுப் பாகம்) கிளட்ச் பேக்கும் செலவு வைப்பவை. சூடேறிய பின், ஈரடுக்கு மேம்பாலத்தின் ஏற்றத்தில் போக்குவரத்து நெரிசலில் ஊர்ந்து பாருங்கள். ஒன்றிலிருந்து இரண்டுக்கும் மூன்றுக்கும் போகும்போது உதறினாலோ, ரிவர்ஸ் விழத் தாமதித்தாலோ வேண்டாம். ஜெட்டா, ஆக்டேவியாவின் ஆறு கியர் டி.எஸ்.ஜி. ஆயிலில் நனையும் வகை, உறுதியானது. ஆனால் ஒவ்வொரு 60,000 கி.மீ.க்கும் ஆயிலும் ஃபில்டரும் மாற்றியிருக்க வேண்டும். ஒரு மாற்றத்துக்கு ஐந்தரை லிட்டர் வரை பிடிக்கும். பழைய ஆடி ஏ4-இல் வந்த மல்டிட்ரானிக் சி.வி.டி.யை (தனித்தனிக் கியர் இல்லாத ஆட்டோமேட்டிக்) நாங்கள் யாருக்கும் சொல்வதில்லை. பி.எம்.டபிள்யூவின் எட்டு கியர் இசட்.எஃப். பெட்டிக்கு ஆயுளுக்கும் ஆயில் மாற்ற வேண்டாம் என்பார்கள். அந்தக் கியர்பாக்ஸைச் செய்த இசட்.எஃப். நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் மாற்றச் சொல்கிறது.

மேனுவல் வண்டியில் டூயல் மாஸ் ஃப்ளைவீலை (இன்ஜின் அதிர்வை உள்வாங்கும் இரட்டைச் சக்கரம்) கவனியுங்கள். நியூட்ரலில் கிளட்சை விடும்போது கடகடவென்று சத்தம், அணைக்கும்போது ஒரு உலுக்கல், இரண்டும் இருந்தால் கிளட்சோடு சேர்த்து மாற்ற வேண்டிவரும்.

காகிதங்கள்

பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு எத்தனையாவது ஓனர், கடன் பதிவு நிற்கிறதா, ஆர்.சி. எதுவரை செல்லும், அபராத பாக்கி உண்டா என்று பாருங்கள். 15 ஆண்டு முடிந்தால் எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுத்து ஐந்தாண்டுக்குப் புதுப்பிக்க வேண்டும். 2012 வண்டிக்கு 2027-இல் அந்த வேலை வந்து நிற்கும்.

நம் பக்கத்தில் கேரள வண்டியும் டெல்லி வண்டியும் நிறைய புழங்குகின்றன. தலைநகர்ப் பகுதியில் 10 ஆண்டு கடந்த டீசலுக்கு 2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடை சொல்லி, 2018-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அங்கே மலிவாகக் கழிந்த கார்கள்தான் இங்கே 'சிங்கிள் ஓனர்' என்று வந்து நிற்கின்றன. வெளிமாநில வண்டிக்கு அந்த ஊர் ஆர்.டி.ஓ. தரும் படிவம் 28 என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) கையில் வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30, கடன் நீக்கப் படிவம் 35. இவற்றுக்குமேல் தமிழ்நாட்டு ஆயுள் வரி உண்டு. அது எவ்வளவு என்று டி.என்.72, 69, 76, எது உங்கள் ஆர்.டி.ஓ.வோ அங்கே முன்கூட்டியே கேட்டு, அந்தத் தொகையையும் சேர்த்து விலையை ஒப்பிடுங்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியா?

இந்தச் சோதனையில் அவசரம் கூடாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி ஏறி ஜங்ஷன் பகுதியிலும் ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கமும் தெருவில் நின்ற கார்கள் மூழ்கின. அதே மாதம் 4-ஆம் தேதி சென்னையிலும் வெள்ளம். அப்படி மூழ்கியவை கழுவித் துடைக்கப்பட்டு, சீட் கவர் மாற்றி, வாசனைத் திரவியம் அடித்து விற்பனைக்கு வரக்கூடும்.

சீட் பெல்ட்டை அடிவரை இழுத்து வெளியே எடுங்கள். மேலே எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் கடைசி ஒரு சாணில் செம்பழுப்பு நிறத்தில் ஒரு கோடு இருந்தால் தண்ணீர் அந்த உயரம்வரை நின்றிருக்கிறது. பெல்ட்டை யாரும் கடைசிவரை இழுத்துத் துவைப்பதில்லை. பிறகு முன் சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, சீட் நகரும் ரெயிலின் அடிப்பக்கம் விரலை ஓட்டுங்கள். துருவும் வண்டலும் ஒட்டும். கார்பெட்டின் ஓரத்தைத் தூக்கி அடியில் இருக்கும் ஸ்பாஞ்சை அமுக்கிப் பாருங்கள். டிக்கியில் ஸ்டெப்னிக் குழி, ஹெட்லைட்டின் உள்ளே நீர்க்கோடு, ஃபியூஸ் பெட்டியில் பச்சை பூத்த பின்கள். ஏ.சி.யை ரீசர்க்குலேஷனில் ஐந்து நிமிடம் ஓடவிட்டு மூக்கை நம்புங்கள், சேற்று வாடை மறையாது.

இந்த ஜெர்மன் வண்டிகளில் பல கண்ட்ரோல் மாட்யூல்கள் (பாகங்களை இயக்கும் சிறு கணினிகள்) கார்பெட்டுக்கு அடியிலும் டிக்கி ஓரத்திலும் இருக்கின்றன. மூழ்கியபின் ஆறு மாதம் நன்றாக ஓடி, ஏழாவது மாதம் ஒவ்வொன்றாகச் சாகும். இன்ஜினுக்குள் தண்ணீர் இழுத்திருந்தால் கனெக்டிங் ராட் லேசாக வளைந்து, அந்த ஒரு சிலிண்டரில் மட்டும் கம்ப்ரஷன் குறையும், ஓட்டும்போது தெரியாது.

இன்சூரன்ஸ் பாலிசியில் ஒரு துப்பு உண்டு. க்ளெய்ம் இல்லாத போனஸ் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். எட்டு வயது வண்டி, ஒரே ஓனர், 2024 பாலிசியில் மட்டும் போனஸ் பூஜ்யம் என்றால் முந்தைய ஆண்டில் க்ளெய்ம் எடுத்திருக்கக்கூடும். எதற்கு என்று எழுத்தில் கேளுங்கள்.

இன்ஜின் சோதனை: காலையில், குளிர்ந்த நிலையில்

வருவதற்கு முன் ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். பானெட்டில் கை வைத்தால் குளிர்ந்திருக்க வேண்டும். இரண்டு வினாடிக்குள் பிடிக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் இழுத்து இழுத்து ஸ்டார்ட் ஆனால் இன்ஜெக்டர், ரெயில் பிரஷர் அல்லது கம்ப்ரஷனில் கோளாறு. வெண்புகை எரியாத டீசல் அல்லது கூலன்ட், நீலப்புகை ஆயில், கரும்புகை காற்றுக் குறைவு அல்லது டீசல் மிகுதி. ஆயில் மூடியைத் திறந்தால் லேசான ஆவி இருக்கலாம்; பஃபென்று அடித்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது. டர்போ ஹோஸில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு சகஜம், தேங்கி நின்றால் டர்போ போகப் போகிறது.

அடுத்து ஸ்கேனர். எல்லாக் காருக்கும் பொதுவான ஓ.பி.டி. (பிழைப் பதிவு படிக்கும்) கருவி போதாது. வோக்ஸ்வேகன் குடும்பத்துக்கு வி.சி.டி.எஸ்., பி.எம்.டபிள்யூவுக்கு இஸ்டா, மெர்சிடிஸுக்கு ஸென்ட்ரி வைத்திருக்கும் வொர்க்‌ஷாப்பாகப் பாருங்கள். அங்கே மூன்றைக் கேளுங்கள்.

ஒன்று, எல்லா மாட்யூலிலும் உள்ள பிழைப் பதிவு. எதுவுமே இல்லாமல் துடைத்து வைத்திருந்தால் அன்று காலைதான் அழித்திருப்பார்கள், 50 கி.மீ. ஓட்டிவிட்டு மறுபடி படியுங்கள். இரண்டு, சூடான ஐடிலில் சிலிண்டர் வாரியான டீசல் அளவுத் திருத்தம். பூஜ்யத்தை ஒட்டி ±1 மில்லிகிராமுக்குள் நல்லது. ஏதாவது ஒரு சிலிண்டர் ±2-ஐத் தாண்டினால் அந்த இன்ஜெக்டரோ கம்ப்ரஷனோ சந்தேகம். ரிட்டர்ன் லைனில் பாட்டில் மாட்டிக் கசிவு அளந்தால் இன்ஜெக்டரா என்று தெரியும். மூன்று, கிலோமீட்டர். மீட்டரைக் குறைத்தாலும் மற்ற மாட்யூல்களில் பழைய கணக்கு தங்கியிருக்க வாய்ப்புண்டு. சேசிஸ் நம்பரைக் கொடுத்துக் கம்பெனி சர்வீஸ் வரலாற்றையும் எடுங்கள்.

கடைசியாக, நாங்குநேரி வரை நாலுவழிச் சாலையில் போய்த் திரும்புங்கள். மூன்றாம் கியரில் 1,500 ஆர்.பி.எம்.மிலிருந்து முழு மிதி மிதித்து 3,500 வரை ஏற்றவும். இடையில் இழுவை செத்து எச்சரிக்கை விளக்கு வந்தால் டர்போவின் உள்ளே அசையும் சிறு தகடுகளிலோ டர்போ காற்றுக் குழாயிலோ பிரச்சினை.

வாங்கியதும் முதல் வேலை

விற்றவர் என்ன சொன்னாலும் எல்லாவற்றையும் பூஜ்யத்திலிருந்து தொடங்குங்கள். இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர், கேபின் ஃபில்டர், கூலன்ட், பிரேக் ஆயில் அத்தனையும் ஒரே தடவையில்.

ஆயிலில் பிராண்டைவிட அங்கீகாரக் குறி முக்கியம். வோக்ஸ்வேகன் குடும்பத்துக்கு 507.00, பி.எம்.டபிள்யூவுக்கு லாங்லைஃப்-04, மெர்சிடிஸுக்கு 229.51 அல்லது 229.52. இவை சாம்பல் குறைந்தவை, டி.பி.எஃப். உள்ள வண்டியில் வேறு ஆயில் ஊற்றினால் அந்தச் சாம்பல் ஃபில்டரில் நிரந்தரமாகத் தங்கிவிடும். 1.6 லிட்டர் டி.டி.ஐ.க்குச் சுமார் 4.3 லிட்டர், என்47-க்கு 5.2, ஓ.எம்.651-க்கு 6.5 லிட்டர் பிடிக்கும். கார் காட்டும் 15,000 கி.மீ. கணக்கைப் பார்க்காமல், இந்தச் சூட்டுக்கும் தூசிக்கும் 10,000 கி.மீ. அல்லது ஒரு வருடம், எது முந்துகிறதோ அதில் மாற்றுங்கள்.

டைமிங் பெல்ட்

வோக்ஸ்வேகன் குடும்பத்தின் 1.2, 1.5, 1.6, 2.0 லிட்டர் நான்குமே பெல்ட் இன்ஜின்கள். பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி ஹெட் போய்விடும். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லட்சம் கி.மீ. அல்லது ஏழு ஆண்டு என்பது நம் வெயிலுக்குப் பத்திரமான கெடு; கம்பெனி புத்தகம் அதைவிடக் குறைவாகச் சொன்னால் புத்தகத்தின்படி.

பெல்ட்டை மட்டும் வாங்கிப் போடுவது பொய்ச் சிக்கனம். டென்ஷனர், ஐட்லர் ரோலர், வாட்டர் பம்ப் எல்லாம் சேர்ந்த கிட்டாகப் போடுங்கள். பம்பை ஓட்டுவதும் அதே பெல்ட்தான், பேரிங் பிடித்தால் புதுப் பெல்ட்டும் போகும். ஒருமுறை முறுக்கினால் நீண்டுவிடும் போல்ட்டுகளைப் புதிதாகப் போட வேண்டும். கிராங்க்கையும் கேமையும் பூட்டும் லாக்கிங் டூல் இல்லாமல், பெயிண்ட்டில் குறி வைத்துச் செய்கிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். முடிந்ததும் கையால் கிராங்க்கை இரண்டு முழுச் சுற்று சுற்றி, பூட்டுத் துளைகள் நேராக வருகின்றனவா என்று பார்த்த பிறகுதான் சாவி போட வேண்டும்.

டி.பி.எஃப்., ஆட்ப்ளூ

பி.எஸ்.6 டீசல் எல்லாவற்றிலும் டி.பி.எஃப். உண்டு, பி.எஸ்.4-இல் வண்டிக்கு வண்டி மாறும், சேசிஸ் நம்பரை வைத்து உறுதி செய்யுங்கள். கரி நிறைந்ததும் வண்டி தானே சுமார் 600 டிகிரிக்குச் சூடேற்றி அதை எரிக்கும். அந்த நேரத்தில் ஐடில் 1,000 ஆர்.பி.எம். பக்கம் ஏறும், ஃபேன் உரக்க ஓடும், வண்டியைச் சுற்றி ஒரு சூட்டு வாடை வரும். அப்போது அணைக்காமல் பத்துப் பதினைந்து நிமிடம் நெடுஞ்சாலையில் 2,000 ஆர்.பி.எம்.முக்குமேல் ஓட்டிவிடுங்கள். அடிக்கடி பாதியில் அணைத்தால் எரியாத டீசல் ஆயிலில் இறங்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மேல்கோட்டைத் தாண்டி ஏறி, டீசல் வாடை அடித்தால் உடனே மாற்றுங்கள். டி.பி.எஃப்.பை வெட்டி எடுத்துத் தரும் யோசனையை ஏற்காதீர்கள். சட்டவிரோதம், புகைச் சான்றிதழுக்கும் தடை, விற்கும்போதும் அடி.

பி.எஸ்.6 வண்டிகளில் புகை மாசைக் குறைக்க ஊற்றும் ஆட்ப்ளூ 32.5 சதவீத யூரியாக் கரைசல். வயலுக்குப் போடும் யூரியாவை எந்தக் காரணத்துக்கும் கரைத்து ஊற்றாதீர்கள். அதிலுள்ள அசுத்தம் தெளிப்பானையும் வினையூக்கியையும் கெடுக்கும். 30 டிகிரிக்குமேல் நாள்பட வைத்தால் ஆட்ப்ளூ கெடும் என்பதால் சித்திரை வெயிலில் டிக்கியில் கேன் சேர்த்து வைக்க வேண்டாம்.

இந்த மண்ணும் தண்ணீரும் காற்றும்

சாத்தான்குளம், திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரி மணல் நைசானது. அந்த வழியும் கல்குவாரிச் சாலையும் தினம் போகிறவர்கள் ஏர் ஃபில்டரை 5,000 கி.மீ.க்கு ஒருமுறை திறந்து பார்த்து, 10,000-க்கு மாற்றுங்கள். எண்ணெய் தடவும் ரேஸிங் ஃபில்டர் வேண்டாம், அந்த எண்ணெய், உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர் மாஸ் சென்சாரில் படியும்.

கூலன்ட்டில் போர் தண்ணீர் ஒரு சொட்டும் சேரக் கூடாது. வள்ளியூர், ராதாபுரம் பக்கத்து உப்புநீரில் படியும் சுண்ணாம்பு ரேடியேட்டரையும் இ.ஜி.ஆர். கூலரையும் அடைக்கும். வோக்ஸ்வேகனுக்கு இளஞ்சிவப்பு அல்லது ஊதா ஜி12++, ஜி13 வகை. டிஸ்டில்டு வாட்டரோடு பாதிக்குப் பாதி. நிறம் பார்த்து வேறொன்றைக் கலக்காதீர்கள்.

டீசல் ஃபில்டரை 20,000 கி.மீ.க்கு மாற்றுங்கள், மழைக்காலம் முடிந்ததும் அடியிலுள்ள தண்ணீரை வடித்துவிடுங்கள். புது ஃபில்டர் போட்டபின் நேராக ஸ்டார்ட் அடிக்காமல் சாவியை மூன்று நான்கு முறை ஆன் செய்து டேங்க் பம்ப் டீசலை நிரப்ப விடுங்கள். கால் டேங்க்குக்குக் கீழே இறங்கவிடாத பழக்கம் ஹை பிரஷர் பம்பைக் காக்கும்.

தூத்துக்குடி, உவரி, கூடங்குளம் போன்ற கடலோரத்தில் நிற்கும் வண்டிக்கு மாதம் இருமுறை அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். பிரேக் பைப், சப்ஃபிரேம், எர்த் ஒயர் இணைப்புகள்தான் முதலில் துருப்பிடிக்கும்.

மாஞ்சோலை, பாபநாசம் மலை ஏறி இறங்கியதும் உடனே அணைக்காமல் ஒரு நிமிடம் ஐடிலில் விடுங்கள். சூடான டர்போவில் ஆயில் ஓட்டம் நின்றால் பேரிங்கில் எண்ணெய் கரியாகும்.

மாதக்கணக்கில் நிற்கும் வண்டி

வெளிநாட்டிலும் மும்பையிலும் வேலை பார்ப்பவர்கள் ஊர் வீட்டில் நிறுத்திப் போகும் கார்கள் இங்கே அதிகம். போகும் முன் டேங்க்கை நிரப்புங்கள், காலி இடத்தில்தான் ஈரம் சேரும். டயரில் காற்றை ஐந்து பவுண்டு கூட்டுங்கள். பேட்டரிக்கு மெயின்டனன்ஸ் சார்ஜர் மாட்டுங்கள். பி.எம்.டபிள்யூவில் பிறகு பேட்டரி மாற்ற நேர்ந்தால் ஸ்கேனரில் பதிவு செய்தால்தான் சார்ஜிங் சரியாக நடக்கும். தோட்டத்து வீடென்றால் எலிதான் பெரிய எதிரி. இன்ஜின் அறையின் அடித் திறப்புகளுக்குக் கம்பி வலை கட்டி, பக்கத்தில் தீவன மூட்டை, தேங்காய் எதுவும் வைக்காதீர்கள். மயில் வரும் ஊரில் காரைத் துணி உறையால் மூடியே வையுங்கள். பளபளக்கும் கதவில் தன் உருவத்தைப் பார்த்துக் கொத்தி, பெயிண்ட்டைக் கீறிவிடும்.

வீட்டில் இருப்பவர்களிடம் வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைக்கச் சொல்லாதீர்கள். கரியும் ஈரமும் சேர்வதைத் தவிர அதனால் பலன் இல்லை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை தெரிந்த டிரைவரை வைத்து முப்பது கிலோமீட்டர் ஓட்டச் சொல்லுங்கள், ஏ.சி.யும் போட்டு. அதற்கு ஆள் இல்லையென்றால் தொடாமல் விடுவதே மேல். ஊருக்கு வந்ததும் ஆயில், கூலன்ட் அளவு, எலி கடித்த ஒயர், பிரேக் பெடலின் இறுக்கம் நான்கையும் பார்த்த பிறகு சாவியைப் போடுங்கள்.